பிசியா, கன்சோலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் விளையாட ஒரு மெஷின் வாங்கப் போகிறேன் என்று யார் பேச்செடுத்தாலும் கடைசியில் இதே கேள்விகளில்தான் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். புதியவர்கள் மேலிருந்து படியுங்கள். ஏற்கெனவே விளையாடுகிறவர்கள் நடுவிலிருந்து தொடங்கினாலும் போதும்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, ரெண்டுல எது பெஸ்ட்?

வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்து ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு எழுந்து போக வேண்டும், மெஷினைப் பற்றி யோசிக்கவே கூடாது என்றால் கன்சோல், அதாவது பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மாதிரி கேமுக்கென்றே செய்த பெட்டி. மெஷினையும் நோண்டிப் பார்க்கப் பிடிக்கும், மாட் (ரசிகர்கள் கேமில் செய்து சேர்க்கும் மாற்றங்கள்) போட்டு விளையாட வேண்டும், ஸ்ட்ராட்டஜி கேம்களில் ஆர்வம், அதே கம்ப்யூட்டரில் வேறு வேலையும் இருக்கிறது என்றால் பிசி.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் உங்கள் நண்பர்கள் எதில் விளையாடுகிறார்கள் என்று பாருங்கள். எத்தனை டெராஃப்ளாப், எத்தனை கோர் என்று வாரக்கணக்கில் ஒப்பிட்டுவிட்டு, கூட்டாளிகள் எல்லாரும் வேறொரு பக்கம் இருக்க, தனியாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெவ்வேறு மெஷின் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஆடும் க்ராஸ்பிளே வசதி இப்போது நிறைய கேம்களில் வந்துவிட்டது, எல்லாவற்றிலும் வரவில்லை. சேர்ந்து விளையாட ஆள் இருந்தால் சுமாரான மெஷினில்கூடச் சந்தோஷமாகப் பொழுது போகும்.

கன்சோலும் உள்ள ஒரு கம்ப்யூட்டர்தானே? அப்புறம் என்ன வித்தியாசம்?

ஆமாம், கம்ப்யூட்டரேதான். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலுமே ஏஎம்டி என்ற சிப் நிறுவனத்தின் ஜென் 2 வகை எட்டு கோர் பிராசஸரும், அதே ஏஎம்டியின் ஆர்டிஎன்ஏ 2 வகை கிராபிக்ஸும்தான் இருக்கின்றன. பிசியில் ராம் தனி, கிராபிக்ஸ் கார்டின் மெமரி தனி. கன்சோலில் ஒரே 16 ஜிபியை இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன.

பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மாடல் கன்சோல் என்றால் உலகம் முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒன்றேதான். கேம் செய்பவர் அந்தப் பெட்டியில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்துவிட்டால் உங்கள் வீட்டிலும் அப்படியேதான் ஓடும். பிசியில் யாரிடம் எந்தக் கார்டு, எந்தப் பிராசஸர், எந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இருக்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அதே நேரம், கன்சோலின் இயங்குதளமும் கடையும் தயாரித்த நிறுவனத்தின் கையில் இருக்கின்றன, பிசியில் கதவு திறந்தே கிடக்கிறது. கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி இந்த இரண்டு விஷயங்களிலிருந்து கிளம்புபவைதான்.

கன்சோல் விலைக்கே ஒரு பிசி கட்டிட முடியாதா?

புதிய பாகங்களை வைத்து, அதே அளவு திறனோடு, அதே விலைக்குக் கட்டுவது கஷ்டம். பிளேஸ்டேஷன் 5-இன் கிராபிக்ஸ் திறனைத் தோராயமாக என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 2070 வகைக் கார்டோடு ஒப்பிடுவார்கள். அந்த அளவுக்குக் கார்டு வாங்குவது பெரிய விஷயமில்லை. அதோடு பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினட், விண்டோஸ் எல்லாம் சேரும்போதுதான் தொகை ஏறிவிடும். மானிட்டர், கீபோர்டு, மவுஸை இன்னும் சேர்க்கவில்லை. கன்சோல் நிறுவனங்கள் பெட்டியில் லாபம் பார்ப்பது குறைவு, சில சமயம் நஷ்டத்துக்கே விற்பார்கள். அப்புறம் தங்கள் கடையில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அதை ஈடுகட்டுவார்கள். கிராபிக்ஸ் கார்டு விற்பவருக்கு அப்படிப் பின்னால் வரும் வருமானம் கிடையாது.

செகண்ட் ஹேண்ட் பாகங்கள் வாங்கினால் கணக்கு மாறும். வீட்டில் ஏற்கெனவே ஓரளவு நல்ல டெஸ்க்டாப் இருந்து, கிராபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும் மட்டும் மாற்றினால் போதும் என்றால் பிசி பக்கம்தான் லாபம். வாங்குவதற்கு முன் ராம் விலையைப் பாருங்கள், 2025 கடைசியில் அது தாறுமாறாக ஏறியது.

ஆன்லைன்ல விளையாட தனியா காசு கட்டணும்னு சொல்றாங்களே, நிஜமா?

கன்சோலில் பெரும்பாலும் ஆமாம். பிளேஸ்டேஷனில் பிளஸ், எக்ஸ்பாக்ஸில் கேம் பாஸ், நின்டெண்டோவில் ஸ்விட்ச் ஆன்லைன் என்று ஏதாவது ஒரு சந்தா இருந்தால்தான் காசு கொடுத்து வாங்கிய கேமையே மற்றவர்களோடு ஆன்லைனில் ஆட முடியும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்குப் பொதுவாக இது தேவையில்லை. எக்ஸ்பாக்ஸில் 2021 வரை அதற்கும் கேட்டார்கள், அப்புறம் எடுத்துவிட்டார்கள். பிளேஸ்டேஷன் 5-இல் சேவ் ஃபைலை கிளவுடில் வைப்பதற்குக்கூட பிளஸ் வேண்டும்.

பிசியில் இணைய இணைப்புக்குக் கட்டும் காசோடு சரி. அதனால் கன்சோல் விலையை எழுதும்போது, வைத்திருக்கப்போகும் வருடங்களின் சந்தாவையும் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஆறு வருடச் சந்தாவைச் சேர்த்ததும் முந்தைய கேள்வியில் கண்ட வித்தியாசம் நிறையவே சுருங்கிவிடும். தனியாளாகக் கதை கேம்கள் மட்டும் ஆடுகிறவருக்கு இந்தச் செலவே வராது.

கேம் எதுல சீப்பா கிடைக்கும்?

புத்தம் புதிய பெரிய கேம் வெளியாகும் நாளில் இரண்டிலும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆறு மாதம் பொறுத்தால் பிசியில் வேகமாக இறங்கும், காரணம் ஆன்லைன் கடைகளின் போட்டி: ஸ்டீம் இருக்கிறது, எபிக் இருக்கிறது, ஜிஓஜி இருக்கிறது, ஸ்டீம் கீ (ஸ்டீமில் கேமைத் திறக்கும் குறியீடு) விற்கும் வேறு கடைகளும் இருக்கின்றன. எபிக் கடையில் வாராவாரம் இலவசமாகவும் கேம் தருகிறார்கள். கன்சோலில் டிஜிட்டலாக வாங்க ஒரே ஒரு கடை.

கன்சோலின் துருப்புச் சீட்டு டிஸ்க். பழைய டிஸ்க் வாங்கலாம், முடித்ததும் விற்கலாம், நண்பனிடம் இரவல் வாங்கலாம். ஒரு கேமை முடித்துவிட்டால் திரும்பத் தொடாதவர்களுக்கு இதைவிட மலிவான வழி பிசியிலும் கிடையாது. அதனால்தான் டிஸ்க் டிரைவ் இல்லாத மாடலை விலை குறைவு என்று அவசரப்பட்டு வாங்காதீர்கள் என்கிறேன். பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிரைவ் கூடவே வராது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

ரீஃபண்டிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பித் தருவார்கள். பிளேஸ்டேஷனிலும் 14 நாள் என்று இருக்கிறது, ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருந்தாலொழிய, கிடைக்காது. பிடிக்குமா பிடிக்காதா என்று சந்தேகமாக இருக்கும் கேமை ஸ்டீமில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

60 எஃப்பிஎஸ், 120 எஃப்பிஎஸ்னு பேசுறாங்களே, கண்ணுக்கு உண்மையிலேயே தெரியுமா?

எஃப்பிஎஸ் என்றால் ஒரு நொடியில் திரையில் வரும் பிரேம்களின், அதாவது படங்களின் எண்ணிக்கை. 30-க்கும் 60-க்கும் நன்றாகவே தெரியும். 60-க்கும் 120-க்கும் தெரியும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. கணக்கைப் பாருங்கள்: 30 எஃப்பிஎஸ் என்றால் ஒரு பிரேம் திரையில் 33.3 மில்லிசெகண்ட் நிற்கிறது, 60 என்றால் 16.7, 120 என்றால் 8.3. முதல் தாவலில் கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட் மிச்சம், அடுத்த தாவலில் அதில் பாதிதான். கண்ணைவிடக் கைதான் இதை முதலில் உணரும். 30-இல் ஓடும் கேமில் ஸ்டிக்கை வேகமாகத் திருப்பிப் பாருங்கள், கேமரா உங்கள் விரலுக்குப் பின்னால் இழுபட்டு வருவது போல இருக்கும், சுவரில் இருக்கும் எழுத்துகள் எல்லாம் கலங்கும். அதே இடத்தில் 60-க்கு மாற்றித் திருப்பினால் கேமரா விரலோடு ஒட்டிக்கொண்டு வரும்.

கன்சோல் கேம்களில் பொதுவாக குவாலிட்டி, பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டு மோடு இருக்கும், முதலாவது அழகுக்கு, இரண்டாவது வேகத்துக்கு. சில கேம்களில் 120 ஹெர்ட்ஸ் டிவி (நொடிக்கு 120 முறை படத்தை மாற்றக்கூடியது) இருப்பவர்களுக்காக 40 எஃப்பிஎஸ் மோடும் தருகிறார்கள். 40 என்பது 30-க்கு மிக அருகில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் ஒரு பிரேமுக்கு 25 மில்லிசெகண்ட், அதாவது நேரக் கணக்கில் 30-க்கும் 60-க்கும் சரியாக நட்ட நடுவில். அழகும் கெடாமல் கையும் உறுத்தாமல் ஆட எனக்குப் பிடித்த மோடு அதுதான். பிசியில் இப்படி யாரோ வகுத்த இரண்டு மூன்று வழிகள் என்று இல்லை, நிழலைக் குறைத்து டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்பு விவரத்தை) கூட்டி நீங்களே உங்கள் சமரசத்தைச் செய்துகொள்ளலாம்.

இன்னொன்று, டிவியில் கேம் மோடு என்று ஒரு செட்டிங் இருக்கும், அதைப் போடாமலேயே கன்சோல் மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் ஏராளம். படத்தை மெருகேற்றும் வேலைகளை டிவி நிறுத்திவிடுவதால் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையிலான தாமதம் சட்டென்று குறையும். காசே இல்லாமல் கிடைக்கும் அப்கிரேடு இது.

நல்ல காசு போட்டு பிசி வாங்கியும் கேம் திக்கித் திக்கி ஓடுது, ஃப்ரெண்டோட கன்சோல்ல ஸ்மூத்தா போகுது. எப்படி?

பெரும்பாலும் ஷேடர்தான் காரணம். தீ எப்படி மின்ன வேண்டும், நனைந்த கல்லில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று கிராபிக்ஸ் சிப்புக்குச் சொல்லும் சின்னச் சின்ன புரோகிராம்களுக்குப் பெயர் ஷேடர். ஒவ்வொரு சிப்புக்கும் அதன் மொழியில் அவற்றை மாற்றித்தர வேண்டும். கன்சோலில் எல்லாருக்கும் ஒரே சிப், அதனால் மாற்றிய ஷேடர்கள் கேமோடு சேர்ந்தே வந்துவிடும். பிசியில் உங்கள் கார்டுக்கும் உங்கள் டிரைவருக்கும் ஏற்ப உங்கள் மெஷினிலேயே அந்த வேலை நடக்க வேண்டும். முன்கூட்டியே முடிக்காத கேம் ஆடும்போதே அதைச் செய்யும். கதவைத் திறக்கிறீர்கள், அரை நொடி உறைகிறது. முதல் வெடிகுண்டு வெடிக்கிறது, மறுபடி உறைகிறது. அதே குண்டு இரண்டாவது முறை வெடிக்கும்போது ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அந்த ஷேடர் இப்போது தயாராக இருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்த கார்டானாலும் இதிலிருந்து முழுதாகத் தப்பாது.

முதல்முறை திறக்கும்போது "ஷேடர் தயாராகிறது" என்று ஒரு பட்டை ஓடினால் பொறுமையாக முடிய விடுங்கள், பாதியில் ஆட்டத்துக்குள் நுழையாதீர்கள். 2023 மார்ச்சில் பிசிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1-இல் இந்த வேலையே வெகுநேரம் ஓடியது, போதாக்குறைக்கு கிராஷும் ஆனது, அடுத்தடுத்து பேட்ச் (பிழை திருத்தம்) வந்துதான் நிலைமை சீரானது. ஆகவே பிசியில் பெரிய கேமை வெளியான அன்றே வாங்காதீர்கள், ஒரு வாரம் விமர்சனங்களைப் பாருங்கள். கன்சோலிலும் மோசமான வெளியீடுகள் உண்டுதான்: சைபர்பங்க் 2077-ஐ 2020 டிசம்பரில் வெளியான ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள், திரும்பி வர அடுத்த ஜூன் ஆனது.

கேமிங் லேப்டாப் வாங்கிட்டா படிப்பு, வேலை, கேம் எல்லாம் முடிஞ்சிடும்ல?

முடியும், ஆனால் கார்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். லேப்டாப்பில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 டெஸ்க்டாப்பில் இருக்கும் 4090 அல்ல, உள்ளே இருக்கும் சிப்பே வேறு, சிறியது. அதுபோக ஒரே பெயருள்ள லேப்டாப் கார்டுக்கே ஒவ்வொரு மாடலில் ஒவ்வொரு அளவு மின்சாரம் கொடுப்பார்கள். லேப்டாப் 4060-க்கு என்விடியா கொடுத்திருக்கும் வரம்பே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. மெலிந்த லேப்டாப்பில் குறைந்த வாட்டில் ஓடும் கார்டு, தடித்த லேப்டாப்பில் ஓடும் அதே பெயர்க் கார்டுக்குப் பக்கத்தில்கூட வராது. வாங்கும்போது வாட் எவ்வளவு என்று கேளுங்கள், சொல்லவில்லை என்றால் அந்த மாடலின் சோதனை வீடியோக்களைத் தேடிப் பாருங்கள்.

சார்ஜரைப் பிடுங்கினால் வேகம் விழும், விசிறி சத்தம் போடும், நாளைக்கு கார்டை மட்டும் மாற்றவும் முடியாது. வீடு மாறிக்கொண்டே இருக்கும் மாணவர்களுக்கு இதுதான் சரி. மற்றவர்களுக்குச் சாதாரண லேப்டாப் ஒன்றும் கன்சோல் ஒன்றும் தனித்தனியாக வாங்குவது பல சமயம் நல்ல ஏற்பாடு.

கன்ட்ரோலர் நல்லதா, கீபோர்டு மவுஸ் நல்லதா?

குறிபார்த்துச் சுடுவதற்கும் ஸ்ட்ராட்டஜி கேம்களுக்கும் மவுஸ். கார், சண்டை, கால்பந்து, தாவிக் குதித்துப் போகும் பிளாட்ஃபார்மர் எல்லாவற்றுக்கும் கன்ட்ரோலர். அனலாக் ஸ்டிக்கில் மெதுவாக நடக்கலாம், கொஞ்சம் வேகமாக நடக்கலாம், ஓடலாம். கீபோர்டில் டபிள்யூ பட்டனை அழுத்தினால் ஒன்று ஓட்டம், இல்லாவிட்டால் நிற்பது.

பிசியில் எந்தக் கன்ட்ரோலரையும் மாட்டலாம் என்பதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸ்கூட வேலை செய்யும், ஆனால் அதன் நுணுக்கமான அதிர்வுகள் பல கேம்களில் கேபிளில் இணைத்தால்தான் முழுதாகக் கிடைக்கும். ஸ்டிக் தானாக ஒரு பக்கம் நகரும் டிரிஃப்ட் தொல்லை எந்த நிறுவனத்தின் கன்ட்ரோலரிலும் வரும், காந்தத்தை வைத்து ஸ்டிக்கின் அசைவை உணரும் ஹால் சென்சார் உள்ள கன்ட்ரோலர்களில் உராய்வு இல்லாததால் அந்தத் தேய்மானம் வருவதில்லை.

க்ராஸ்பிளே ஆன் பண்ணா பிசிக்காரங்க நம்மள போட்டுத் தள்ளிடுவாங்களா?

கேமைப் பொறுத்தது. கன்ட்ரோலர் வைத்திருப்பவருக்கு ஷூட்டர் கேம்கள் குறிபார்க்க உதவி செய்யும், எய்ம் அசிஸ்ட் என்பார்கள். கிட்டத்தில் நடக்கும் சண்டையில் அந்த உதவி மவுஸ்காரரையே எரிச்சல்படுத்தும் அளவுக்கு வலுவாக இருக்கும், தூரத்திலிருந்து சுடுவதில் மவுஸ் ஜெயிக்கும். வேலரண்ட் என்ற ஷூட்டர் கேம் 2024-இல் கன்சோலுக்கு வந்தபோது பிசியோடு சேர்க்கவே இல்லை, துல்லியமே உயிரான கேமில் அது சரியான முடிவு என்பேன்.

ஏமாற்றுவேலை பிசியில்தான் அதிகம், மேலே சொன்ன திறந்த கதவின் மறுபக்கம் அது. அதைத் தடுக்க வரும் ஆன்டி-சீட் புரோகிராம்களும் விண்டோஸின் அடி ஆழம் வரை போய் உட்காருகின்றன. வேலரண்ட்டின் வேன்கார்டு கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஓடத் தொடங்கிவிடும், பேட்டில்ஃபீல்டு 6, கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பைப் போட்டிருந்தால்தான் திறக்கும். ஆபீஸ் வேலையும் வங்கி வேலையும் நடக்கும் கம்ப்யூட்டரில் இதற்கு இடம் கொடுக்கலாமா என்று யோசிப்பது நியாயமான கவலை. கன்சோலில் அந்தக் கவலை இல்லை. ஏமாற்றுவோர் அங்கே அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், மவுஸைக் கன்ட்ரோலர் போலக் காட்டிக்கொள்ளும் கருவிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

பிளேஸ்டேஷன் கேம் எல்லாம் இப்ப பிசிக்கே வந்துடுது, அப்புறம் எதுக்கு கன்சோல்?

வந்தவை நிறைய, வராதவையும் உண்டு. ஹொரைசன் ஸீரோ டான் 2020-இலும், காட் ஆஃப் வார், ஸ்பைடர்மேன் 2022-இலும், கோஸ்ட் ஆஃப் சுஷிமா 2024-இலும் பிசிக்கு வந்தன. அவை பிளேஸ்டேஷனில் வெளியானதற்கும் பிசிக்கு வந்ததற்கும் நடுவில் வருடங்கள் ஓடியிருந்தன. ஹெல்டைவர்ஸ் 2 போல ஆன்லைனில் சேர்ந்து ஆடும் கேம் மட்டும் இரண்டிலும் ஒரே நாளில் வந்தது. ப்ளட்போர்ன் 2015-இல் வந்த கேம், அதை பிசியில் எதிர்பார்த்து ரசிகர்கள் காத்திருந்து காத்திருந்து ஓய்ந்துபோனார்கள். எக்ஸ்பாக்ஸின் சொந்த கேம்கள் வெளியாகும் நாளிலேயே பிசிக்கும் வருகின்றன, ஆகவே நல்ல பிசி இருப்பவருக்கு எக்ஸ்பாக்ஸ் வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை. நின்டெண்டோ தன் மாரியோவையும் செல்டாவையும் பிசிக்கு விடுவதே இல்லை.

அதனால், பிசி ஏற்கெனவே இருந்து, இரண்டாவதாக ஒன்று வாங்க ஆசைப்பட்டால் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல்தான் என் தேர்வு. பிசியில் முறையான எந்த வழியிலும் கிடைக்காத கேம்கள் அதில்தான் இருக்கின்றன, அறையில் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து ஆடவும் அதைவிட நல்லது இல்லை.

மாட் மாட்னு பிசிக்காரங்க பெருமை பேசுறாங்களே, அப்படி என்ன இருக்கு அதுல?

கேம் செய்தவர் தராததை ரசிகர்கள் செய்து சேர்ப்பதுதான் மாட். புது உடை, புது வாகனத்தில் தொடங்கி முழுக் கதைகள் வரை போகும். கவுன்டர் ஸ்டிரைக் 1999-இல் ஹாஃப் லைஃபுக்கு ரசிகர்கள் செய்த மாடாகத்தான் பிறந்தது, டோட்டா வார்கிராஃப்ட் 3-க்குள் பிறந்தது. 2011-இல் வந்த ஸ்கைரிமை இன்றைக்கும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் மாட்தான் காரணம். எழுத்தைப் பெரிதாக்க, நிறக்குருடு உள்ளவர்களுக்கு நிறத்தை மாற்ற, உற்பத்தியாளர் கைவிட்ட பிழைகளைச் சரிசெய்ய என்று ஓசைப்படாமல் நடக்கும் வேலையைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

கன்சோலிலும் கொஞ்சம் உண்டு. ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனில் 2016-இலேயே வந்தது, ஆனால் பிளேஸ்டேஷனில் வெளியிலிருந்து புதுப் படங்களையோ ஒலிகளையோ சேர்க்க அனுமதி இல்லை. பால்டர்ஸ் கேட் 3-இலும் தேர்ந்தெடுத்த மாட்கள் கன்சோலில் கிடைக்கின்றன. தயாரிப்பாளர் திறந்துவிட்ட அளவுக்குத்தான் அங்கே வழி.

காசு கொடுத்து வாங்கின கேம் என்னோடதுதானே?

டிஜிட்டலாக வாங்கியிருந்தால் விளையாடும் உரிமம்தான் உங்களுடையது. ஸ்டீமும் 2024 அக்டோபரிலிருந்து பணம் கட்டும் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுகிறது. யூபிசாஃப்டின் தி க்ரூ 2014-இல் வந்த கார் கேம். தனியாக ஓட்டவும் சர்வர் தேவை என்பதால் 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தியதும் பிசி, கன்சோல் என்ற பாகுபாடு இல்லாமல் எல்லாரிடமும் செத்துப்போனது. டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இது எனக்குக் கோபமூட்டும் விஷயம். காசு வாங்கிக்கொண்டு விற்ற ஒரு பொருளை, சர்வர் இல்லாமல் ஓடும்படி ஒரு கடைசி பேட்ச் கூடத் தராமல் அழிப்பது அநியாயம்.

பாதுகாப்பான வழி பிசியில் ஜிஓஜி. அங்கே வாங்கும் கேமின் இன்ஸ்டாலரை இறக்கி உங்கள் ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம், பூட்டு எதுவும் கிடையாது, நாளைக்கே கடை மூடினாலும் கேம் ஓடும். கன்சோலில் அடுத்தபடி பாதுகாப்பு முழு கேமும் உள்ளே இருக்கும் டிஸ்க் அல்லது கார்ட்ரிட்ஜ். ஸ்விட்ச் 2-க்கு வரும் கேம்-கீ கார்டுகளைக் கவனியுங்கள்: அட்டைக்குள் கேம் இருக்காது, டவுன்லோடு செய்ய அனுமதிக்கும் சாவிதான் இருக்கும். பெட்டியின் முன்பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

பழைய கேம் எல்லாம் புது கன்சோல்ல ஓடுமா?

பிளேஸ்டேஷன் 5-இல் பிளேஸ்டேஷன் 4 கேம்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஓடும். பிளேஸ்டேஷன் 3-இன் டிஸ்க் ஓடாது, அதன் செல் பிராசஸர் முற்றிலும் வேறு வகை. எக்ஸ்பாக்ஸ் இதில் கெட்டிக்காரன், முதல் எக்ஸ்பாக்ஸ் காலத்து கேம்களிலும் பலவற்றை ஓட்டும். பிசியில் இருபது வருடப் பழைய கேமும் ஓடும், சிலவற்றுக்குக் கொஞ்சம் குடைய வேண்டியிருக்கும், ஜிஓஜி அந்த வேலையை நமக்காகச் செய்தே விற்கிறது.

ஸ்டீம் டெக் பிசியா, கன்சோலா?

பிசிதான், கையில் வைத்து ஆடும், கன்சோல் போல நடந்துகொள்ளும் பிசி. 2022 பிப்ரவரியில் வந்தது, லினக்ஸில் ஓடுகிறது, விண்டோஸ் கேம்களைப் புரோட்டான் என்ற ஒன்று இடையில் நின்று ஓட்டிக் கொடுக்கிறது. எல்லாரிடமும் ஒரே சிப் என்பதால் தயாராக்கிய ஷேடர்களை ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் முன்கூட்டியே அனுப்பிவிடும், மேலே சொன்ன திக்கல் இதில் குறைவு. பவர் பட்டனைத் தட்டினால் ஆட்டம் அப்படியே உறங்கும், மறுபடி தட்டினால் விட்ட இடத்திலிருந்து எழும். பிசியில் பலர் ஏங்கிய வசதி இது.

ஃபோர்ட்நைட், வேலரண்ட் போன்றவை இதில் ஓடாது, லினக்ஸில் அவற்றின் ஆன்டி-சீட் ஓட அவற்றைச் செய்தவர்கள் வழி தரவில்லை. நண்பர்களோடு அவற்றைத்தான் ஆடுவீர்கள் என்றால் இதை வாங்காதீர்கள்.

கரண்ட் பில் எகிறுமா?

பிளேஸ்டேஷன் 5 பெரிய கேம் ஓடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு ஒன்றுக்கே 575 வாட் வரம்பு, அதுபோக மற்ற பாகங்கள். நடுத்தரக் கார்டுள்ள பிசி கன்சோலைவிடக் கொஞ்சம் அதிகம் எடுக்கும், பில்லில் அதிர்ச்சி தரும் அளவுக்கு இல்லை. ஏசி இல்லாத சின்ன அறையில் பில்லைவிடச் சூடுதான் பிரச்சினை.

பையனுக்கு பன்னிரண்டு வயசு. எனக்கு இதெல்லாம் தெரியாது. எது வாங்கித் தரலாம்?

கன்சோல். நேரக் கட்டுப்பாடு, வயது வரம்பு, செலவு வரம்பு எல்லாவற்றையும் உங்கள் போனிலிருந்தே வைக்கலாம், அவனால் எளிதில் தாண்டவும் முடியாது. பிசியிலும் இவை உண்டு, ஆனால் விண்டோஸில் ஒன்று, ஸ்டீமில் ஒன்று, ஒவ்வொரு கேமிலும் ஒன்று என்று தனித்தனியாகப் போட வேண்டும். இணையத்திலிருந்து எதையாவது இறக்கி வைரஸ் வாங்கும் ஆபத்தும் பிசியில்தான்.

எதை வாங்கினாலும் உங்கள் கார்டு விவரத்தை அவன் கணக்கில் சேமிக்காதீர்கள், கிஃப்ட் கார்டில் காசு போட்டுக் கொடுங்கள். இலவச கேம்கள்தான் உள்ளே போனதும் உடைக்கும் நடனத்துக்கும் காசு கேட்பவை. அவன் புரோகிராமிங், டிசைன் என்று ஆர்வம் காட்டினால் மட்டும் பிசியை யோசியுங்கள், கேம் ஆட வந்து கேம் செய்யக் கற்றுக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்தில் நிறைய.

ஜிடிஏ 6 ஆடணும். இப்பவே கன்சோல் வாங்கலாமா, பிசிக்கு வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?

ஜிடிஏவைச் செய்யும் ராக்ஸ்டார் அறிவித்திருக்கும் தேதி 2026 நவம்பர் 19, பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும். அந்த அறிவிப்பில் பிசி இல்லை. பழைய கணக்கு இது: ஜிடிஏ 5 கன்சோலில் 2013 செப்டம்பர், பிசியில் 2015 ஏப்ரல். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோலில் 2018 அக்டோபர், பிசியில் 2019 நவம்பர். அதாவது ஒரு வருடமாவது பொறுக்க மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டும், அதுவரை கதை காதில் விழாமல் தப்பிப்பதும் கஷ்டம்.

இந்த ஒரு கேமுக்காக மட்டும் கன்சோல் என்றால் இப்போது வாங்காதீர்கள். தேதி ஏற்கெனவே தள்ளிப்போன கேம் இது, வெளியான பின் எந்த மாடலில் எப்படி ஓடுகிறது என்று பார்த்து வாங்கினால் போதும். கையில் நல்ல பிசி இருந்து, மாடும், ஒரு பாத்திரமாகவே நடித்து மற்றவர்களோடு ஆடும் ரோல்பிளே சர்வரும்தான் உங்களை ஜிடிஏ 5-இல் இத்தனை வருடம் பிடித்துவைத்தது என்றால், கன்சோலில் முடித்தாலும் பிசிக்கு வரும்போது மறுபடி ஒருமுறை வாங்கத்தான் போகிறீர்கள், அந்த இரண்டாவது விலையையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.